உளவியல் ஆய்விலும் சிகிச்சையிலும் இனவெறியை எதிர்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் பயில்வோரும், ஆய்வு செய்வோரும், சிகிச்சை அளிப்போரும், சிகிச்சை நாடுவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. சில கேள்விகளுக்கு வரலாற்றை விரிவாகச் சொல்லாமல் விடை சொல்ல இயலாது. சிலவற்றுக்கு நான்கு வரி போதும்.

உளவியலில் இனவெறி என்று எதைச் சொல்கிறோம்?

ஓர் ஆய்வாளரோ சிகிச்சையாளரோ ஓர் இனத்தாரை வெறுப்பதை மட்டும் இச்சொல் குறிப்பதில்லை. அத்தகைய வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம் உண்டு. அது ஆய்விதழ்களில் அச்சேறியும் இருக்கிறது. ஆனால் அதைவிட நெடுங்காலம் நிலைத்தது வேறொன்று. ஒரு குழுவினரைக் கொண்டு உருவாக்கிய கருவியை எல்லா மனிதருக்குமான அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடமே குறை இருக்கிறது என்று முடிவு கட்டும் பழக்கம்தான் அது. வினாத்தாள், மதிப்பெண் அட்டவணை, நோயறிதல் விதி, ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் முறை, எந்தக் கட்டுரையை அச்சிடுவது என்று தீர்மானிக்கும் குழு என எதிலும் அந்தப் பழக்கம் குடிகொள்ள முடியும். நல்லெண்ணம் கொண்ட ஒருவர் அந்த அட்டவணையைப் பயன்படுத்தினாலும் விளைவு மாறுவதில்லை. ஆகவே இந்த விடைகளில் மனிதர்களின் உள்நோக்கத்தைவிடக் கருவிகளுக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

நுண்ணறிவுச் சோதனைகள் எப்படி இதில் சிக்கின?

1905இல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டபோது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கமாக இருந்தது. பிறவியிலேயே நிலைத்துவிட்ட ஓர் அளவை அது காட்டுகிறது என்று பினே கருதவில்லை. அவர் 1911இல் இறந்தார். ஆனால், அமெரிக்காவுக்குப் போன சோதனை அங்கே வேறொரு சிந்தனையோடு கலந்தது. 1883இல் பிரான்சிஸ் கால்டன் 'யூஜெனிக்ஸ்' என்று பெயரிட்ட இனமேம்பாட்டுக் கொள்கை, 'தகுதியுள்ளவர்' பெருகவும் 'தகுதியற்றவர்' குறையவும் வழி தேடியது. யார் எந்தப் பக்கம் என்று காட்ட அதற்கு ஓர் எண் தேவைப்பட்டது. சோதனை அந்த எண்ணைக் கொடுத்தது. ஹென்றி கோடார்ட் அதை நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளிடம் நடத்தினார். லூயிஸ் டெர்மன் 1916இல் அதை ஸ்டான்ஃபோர்ட் பதிப்பாகத் திருத்தி வெளியிட்டார்.

முதல் உலகப் போரின்போது ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் ஏறத்தாழ 17 லட்சம் அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சோதனை நடத்தப்பட்டது. அந்த வினாக்களுள் சில, ஒரு பேஸ்பால் வீரரின் பெயரையும் சமையல் கொழுப்பு ஒன்றின் வணிகப் பெயரையும் அறிந்திருந்தால் மட்டுமே விடையளிக்கக் கூடியவை. நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவருக்கும், பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் வளர்ந்த கறுப்பின இளைஞருக்கும் அது எதை அளந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தரவுகளைக் கொண்டு உளவியலாளர் கார்ல் பிரிகம் 1923இல் எழுதிய பகுப்பாய்வு, முடிவை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு எண்களைப் படிப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாக ஆய்வுமுறை வகுப்புகளில் இன்றும் வைக்கத் தக்கது. குடியேறி அதிக ஆண்டுகள் ஆனவர்கள் அதிக மதிப்பெண் பெற்றிருந்தார்கள். மொழியும் சூழலும் பழகப் பழக மதிப்பெண் கூடுகிறது என்பதே இதற்கு எளிய விளக்கம். அவரோ, பிந்தி வந்தவர்கள் தரம் குறைந்தவர்கள் என்று விளக்கினார். அடுத்த ஆண்டே தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோரைக் கடுமையாகக் குறைத்து, ஆசியர்களை ஏறத்தாழ முற்றாகத் தடுத்த குடியேற்றச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அந்தச் சட்டத்துக்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. எனினும் இத்தகைய எண்கள் அதற்கு அறிவியல் மெருகு பூசின. 1930இல் பிரிகம் தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று தாமே எழுதித் திரும்பப் பெற்றார். சட்டமோ பல பத்தாண்டுகள் நின்றது. 1927இல் உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை அனுமதித்தது; 'அறிவுக் குறைபாடு' முதலிய முத்திரைகளின் பேரில் இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் மொத்தம் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் அல்லவா?

இல்லை. இந்த வாதத்தை மென்மையாக மறுக்க எனக்கு மனமில்லை. எதிர்த்துக் கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் பாடநூல்களில் இல்லை என்பதே உண்மை.

1840ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வட மாநிலங்களில் விடுதலையாக வாழும் கறுப்பின மக்களிடையே பைத்தியம் மிக அதிகம் என்று காட்டியது. அடிமைமுறையை ஆதரித்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள். எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் அட்டவணைகளைச் சரிபார்த்து, சில ஊர்களில் கறுப்பின மக்களின் மொத்த எண்ணிக்கையைவிட மனநோயுற்ற கறுப்பினத்தாரின் எண்ணிக்கை அதிகமாகப் பதிவாகியிருப்பதை அம்பலப்படுத்தினார். கணக்கு திருத்தப்படவில்லை.

ஹொரேஸ் மான் பாண்ட் 1920களில் படைவீரர் சோதனைத் தரவுகளை மாநில வாரியாகப் பிரித்துப் பார்த்தார். சில வட மாநிலங்களைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள், சில தென் மாநிலங்களைச் சேர்ந்த வெள்ளையின வீரர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றிருந்தார்கள். இன வேறுபாடு என்று சொல்லப்பட்டது, பள்ளிக்கூடங்களுக்கிடையே இருந்த வேறுபாடாகத் தெரிந்தது. ஹெர்மன் கனடி 1936இல், சோதனை நடத்துபவரின் இனம் குழந்தையின் ஒத்துழைப்பையும் மதிப்பெண்ணையும் பாதிக்கிறதா என்று ஆராய்ந்தார். ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து அவர்களை மந்தமானவர்கள் என்பது தவறு என்று ஜார்ஜ் சான்செஸ் 1930களிலேயே எழுதினார். அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் பிரான்சிஸ் சம்னர், ஆண்டு 1920.

ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அந்தச் சம்னரிடம் படித்தவர்களே கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும். நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி எது நல்லது, எது பிடித்தது என்று அவர்கள் கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கென்னத் கிளார்க்கின் எழுத்தை அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டியது. இந்த ஆய்வின் வரம்புகளையும் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்: கலப்புப் பள்ளிகளில் படித்த வட மாநிலக் குழந்தைகளிடமும் அதே விருப்பம் வலுவாகவே காணப்பட்டது, ஆகவே பள்ளிப் பிரிவினையை மட்டும் தனிக் காரணமாகக் காட்ட முடியாது. ஆயினும் உளவியல், தாழ்த்துவதற்குத் துணைபோனதைப் போலவே தாழ்த்தப்பட்டவர்களின் பக்கமும் நிற்க முடியும் என்பதை நிறுவியவர்கள் அவர்கள்.

இது அமெரிக்காவின் சிக்கல் மட்டும்தானா?

அல்ல. காலனி ஆட்சி நடந்த இடங்களிலெல்லாம் அதன் நிழல் உண்டு. ஜே. சி. காரதர்ஸ் எழுதி 1953இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிக்கை, ஆப்பிரிக்கரின் மனத்தை மூளையின் முன்பகுதி அறுவைக்கு உள்ளான ஐரோப்பியரின் மனத்தோடு ஒப்பிட்டது. அல்ஜீரியாவில் அந்துவான் போரோவைப் பின்பற்றிய மனநல மருத்துவர்கள், அந்நாட்டு மக்களை இயல்பிலேயே மூர்க்கர்கள் என்று வகைப்படுத்தினார்கள். தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் ஆட்சியை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியராக இருந்தவர்.

மறுபக்கமும் உண்டு. 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் பிரான்ஸ் ஃபனோன், படங்களைக் காட்டிக் கதை சொல்லச் செய்யும் ஓர் ஆளுமைச் சோதனையை அங்குள்ள முஸ்லிம் பெண்களிடம் நடத்திப் பார்த்தார். அவர்கள் கதை சொல்லவில்லை. படத்தில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காண முயன்றார்கள். அவர்களிடம் கற்பனை வளம் இல்லை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அந்தப் படங்களில் இருந்த வீடும் உடையும் உறவும் ஐரோப்பாவைச் சேர்ந்தவை, அவர்களுடைய வாழ்க்கை அதில் இல்லை என்று ஃபனோன் கண்டார். கருவியைக் கேள்வி கேட்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நைஜீரியாவில் தாமஸ் அடியோயே லாம்போ 1954 முதல் வளர்த்தெடுத்த அரோ முறை, நோயாளிகளை மருத்துவமனைக்குள் பூட்டாமல் அருகிலுள்ள சிற்றூர்களில் உறவினரோடு தங்கவைத்து, மரபு வைத்தியர்களையும் துணைக்கு அழைத்துச் சிகிச்சை அளித்தது.

இனம் என்பது உயிரியல் உண்மையா?

மனிதருக்கிடையே மரபணு வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு, ஒரே மக்கள் குழுவுக்குள் இருக்கும் தனிமனிதர்களுக்கு இடையிலேயே காணப்படுகிறது என்று ரிச்சர்ட் லெவான்டின் 1972இல் காட்டினார். பின்வந்த ஆய்வுகளும் இதற்கு நெருங்கிய அளவையே தந்தன. மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மரபணுக்களிலிருந்து ஓரளவு அறிய முடியும் என்பதும் உண்மை. அது வேறு, கணக்கெடுப்புப் படிவத்தில் இருக்கும் நான்கைந்து கட்டங்கள் வேறு. அந்தக் கட்டங்கள் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறியவை. சமூகம் வகுத்த பிரிவு என்பதால் அதன் விளைவு பொய்யாகிவிடாது: ஒருவருடைய வேலை, வீடு, பள்ளி, காவல்துறையிடம் அவர் பெறும் நடத்தை எல்லாவற்றையும் அது தீர்மானிக்கலாம். ஆகவே ஆய்வில் 'இனம்' என்ற மாறியைப் பயன்படுத்துபவர், தாம் அதைக் கொண்டு எதைக் குறிக்கிறார் என்று எழுதியாக வேண்டும். வருமானமா, பாகுபாட்டின் அனுபவமா, மொழியா, வாழும் பகுதியா? பல கட்டுரைகளில் இந்த ஒரு வரிதான் இல்லை.

சார்பு இருக்கிறது என்றால் சோதனைகளையே கைவிட வேண்டுமா?

அப்படிச் சொல்லும் உளவியலாளர்களும் உண்டு. 1968இல் கறுப்பின உளவியலாளர் சங்கம் தொடங்கப்பட்ட சிறிது காலத்துக்குள்ளேயே, கறுப்பினக் குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனைகளை நிறுத்திவைக்குமாறு அது கோரியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ராபர்ட் வில்லியம்ஸ், கறுப்பின மக்களின் பேச்சுவழக்கைக் கொண்டே ஒரு சோதனையை உருவாக்கி, அதில் வெள்ளையின மாணவர்கள் குறைவான மதிப்பெண் பெறுவதைக் காட்டினார். கலிபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகள் மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளில் அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டது குறித்து 1971இல் தொடங்கிய லாரி பி. வழக்கில், அவர்களை அவ்வகுப்புகளில் சேர்ப்பதற்கு நுண்ணறிவுச் சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே சிகாகோவில் வேறொரு நீதிபதி, அதே வகைச் சோதனைகளில் குறிப்பிடத்தக்க சார்பு இல்லை என்று தீர்ப்பளித்தார். சட்டம் இதை முடித்துவைக்கவில்லை.

என் கருத்து இது: நன்றாகச் செய்யப்பட்ட சோதனை ஒரு குழந்தைக்கு உதவியைப் பெற்றுத் தரும், சோதனையே இல்லாத இடத்தில் ஆசிரியரின் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அந்த ஊகமும் சார்பற்றதல்ல. ஆனால் இனத்துக்கு ஒரு தனி மதிப்பெண் அட்டவணை வைத்தால் சரியாகிவிடும் என்ற தீர்வு ஆபத்தானது. அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கழகத்தின் முன்னாள் வீரர்களுக்குத் தலைக்காய இழப்பீடு வழங்குவதில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். மூளைத்திறன் குறைந்திருக்கிறதா என்று கணிக்கும்போது, கறுப்பின வீரர்கள் தொடக்கத்திலேயே குறைந்த நிலையில் இருந்தார்கள் என்று கொள்ளும் நியமங்கள், அதாவது ஒப்பிடுவதற்கான மதிப்பெண் அட்டவணைகள், பயன்படுத்தப்பட்டன. அதன்படி, ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் வெள்ளையினத்தவர் இழப்பீட்டுக்குத் தகுதி பெறுவார், கறுப்பினத்தவர் பெறமாட்டார். வழக்குக்கும் எதிர்ப்புக்கும் பிறகு 2021இல்தான் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். அந்த நியமங்கள் முதலில் எழுந்தது, கறுப்பினத்தவரை நோயாளிகள் என்று தவறாக முத்திரை குத்தாமல் இருப்பதற்காகவே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்வியின் தரத்தையும் வாழ்க்கைச் சூழலையும் நேரே அளக்காமல், அவற்றுக்குப் பதிலாக இனத்தை வைத்ததுதான் பிழை.

நோயறிதலில் இனவெறி எப்படி நுழைகிறது?

1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், தப்பியோடும் அடிமைகளுக்கு 'டிரேப்டோமேனியா' என்ற மனநோய் இருப்பதாக எழுதினார். விடுதலையை விரும்புவதே நோய்; அதற்கு அவர் சொன்ன சிகிச்சைகளுள் சாட்டையடியும் ஒன்று. இதைக் கேட்டு இன்று யாரும் அதிர்ச்சியடைவார்கள். ஆனால் அதே தருக்கம் 1968இல் மீண்டும் தலைகாட்டியது. கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் உச்சத்திலிருந்த அந்த ஆண்டில், கறுப்பின ஆண்களின் சினத்தை 'எதிர்ப்பு மனநோய்' என்று பெயரிட்டு ஒரு மனநல ஆய்விதழில் கட்டுரை வந்தது. அதே ஆண்டு வெளியான அமெரிக்க நோயறிதல் கையேட்டின் இரண்டாம் பதிப்பு, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயின் ஒரு வகையை விவரிக்கையில் பகைமையையும் மூர்க்கத்தையும் அடையாளங்களாகச் சேர்த்தது. மிச்சிகன் மாநிலத்தின் அயோனியா மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்த ஜொனாதன் மெட்சல், முன்னர்ப் பெரிதும் வெள்ளையினப் பெண்களுக்குச் சூட்டப்பட்ட அந்த நோய்ப்பெயர் 1960களிலும் அதற்குப் பின்னும் நகர்ப்புறக் கறுப்பின ஆண்களின் மீது இறங்கியதைக் காட்டினார். 1974இல் ஒரு மனநோய் மருந்துக்கான விளம்பரம், முஷ்டியை மடக்கிய கறுப்பின ஆணின் படத்தோடு வெளிவந்தது.

இன்றைய நிலை என்ன? அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, கறுப்பினத்தவருக்கு மனச்சிதைவு என்று முடிவு செய்யப்படும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு. கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் கவனிக்கப்படாமல் போவது இதற்கு ஒரு காரணம் என்று பிற ஆய்வுகள் சுட்டுகின்றன. இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின் கீழ்க் கட்டாயமாக மருத்துவமனையில் வைக்கப்படுவோரின் விகிதம், வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் மூன்று மடங்குக்கும் மேல்.

இவை அனைத்தையும் தவறான நோயறிதல் என்று சொல்லிவிட்டால் அதுவும் நேர்மையாகாது. இங்கிலாந்தில் வாழும் கரீபிய வம்சாவளியினரிடையே மனப்பிறழ்வு நோய் உண்மையிலேயே அதிகமாகத் தோன்றுகிறது என்று கவனமான ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் ஆகிய நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்த உயர்வு இல்லை. நோய் இரத்தத்தில் வரவில்லை. குடியேறி வாழும் சூழலில், தனிமையிலும் பாகுபாட்டிலும் அது கூடுகிறது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். தவறான முத்திரையும் உண்மையான துன்பமும் ஒரே மனிதர் மீது ஒருங்கே விழ முடியும் என்பதைச் சிகிச்சையாளர் மறக்கக் கூடாது.

ஆய்வில் பங்கேற்பவர்கள் யார் என்பது ஏன் முக்கியம்?

2003 முதல் 2007 வரை அமெரிக்காவின் ஆறு முதன்மை உளவியல் இதழ்களை ஆராய்ந்த ஜெஃப்ரி ஆர்னெட், பங்கேற்பாளர்களில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர் என்றும், 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர் என்றும் 2008இல் எழுதினார். அமெரிக்கருக்குள்ளும் பெரும்பகுதி கல்லூரி மாணவர்கள். அவர்களிடம் கண்டதை 'மனித மனம்' என்று தலைப்பிட்டு அச்சிட்டோம். 1974க்கும் 2018க்கும் இடையே வெளியான 26,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஆராய்ந்த மற்றொரு குழு, இனத்தை முன்னிறுத்திப் பேசியவை 5 விழுக்காடு மட்டுமே என்று 2020இல் கண்டது. அறிதிறன் உளவியலில் அவை ஏறத்தாழ இல்லவே இல்லை.

ஒதுக்கல் எப்போதும் கொள்கையாக வருவதில்லை. சில வேளை அது ஒரு தொப்பியாக வருகிறது. மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் மின்முனைகள் தலைத்தோலைத் தொட வேண்டும். அடர்ந்து சுருண்ட முடியில் வழக்கமான தொப்பி சரியாகப் பதிவதில்லை. அதனால் ஆப்பிரிக்க வம்சாவளிப் பங்கேற்பாளர்களின் பதிவுகள் 'தரம் குறைந்தவை' என்று நீக்கப்பட்டன, அல்லது அவர்கள் அழைக்கப்படவே இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பின மாணவி, முடியை நெருக்கமாகப் பின்னி அந்தப் பின்னல்களுக்கு இடையே பொருந்தும் மின்முனைகளை வடிவமைத்தபோது பதிவு தெளிவாக வந்தது. அதுவரை குறை முடியில் இருப்பதாகவே எண்ணப்பட்டிருந்தது.

மறைமுக மனச்சாய்வைப் பயிற்சியால் போக்க முடியுமா?

தம்மை அறியாமலே ஓர் இனத்தின் பக்கம் சாயும் இந்த மனநிலையை ஒருநாள் பயிற்சியால் போக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1998இல் அறிமுகமான மறைமுகத் தொடர்புச் சோதனை, ஒரு முகத்தையும் ஒரு சொல்லையும் நாம் எவ்வளவு விரைவில் இணைக்கிறோம் என்பதை அளக்கிறது. பெருங்கூட்டத்தின் சராசரியைப் பற்றி அது ஏதோ சொல்கிறது. தனிமனிதர் விஷயத்தில், அதே ஆள் மறுமுறை எழுதினால் மதிப்பெண் கணிசமாக மாறுகிறது. நடத்தையோடு அதற்குள்ள தொடர்பும் சிறியது. ஒன்பது உத்திகளைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வில், உடனடி மாற்றம் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மறைந்துவிட்டது. 492 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டுப் பகுப்பாய்வும், சோதனை மதிப்பெண் மாறுவதால் நடத்தை மாறுவதாகக் காணவில்லை.

பாகுபாடு இல்லை என்பது இதன் பொருளன்று. நியூயார்க் நகரில் 320 உளச்சிகிச்சையாளர்களுக்குத் தொலைபேசியில் குரல் செய்தி அனுப்பி நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. பேசுபவர் நடுத்தர வர்க்க வெள்ளையினத்தவராகத் தோன்றியபோது 28 விழுக்காட்டினரும், நடுத்தர வர்க்கக் கறுப்பினத்தவராகத் தோன்றியபோது 17 விழுக்காட்டினரும் நேரம் ஒதுக்க முன்வந்தார்கள். உழைக்கும் வர்க்கத்தவர் என்றால், எந்த இனமானாலும், 8 விழுக்காடு. இங்கே சிகிச்சையாளரின் ஆழ்மனத்தைத் திருத்த முயல்வதைவிட, அழைத்தவர்களை வரிசைப்படி பதிவு செய்து அந்த வரிசையிலேயே நேரம் ஒதுக்கும் விதி அதிகம் சாதிக்கும் என்பது என் துணிபு.

சிகிச்சையாளர் என் இனத்தவராகவே இருக்க வேண்டுமா?

அப்படி விரும்புவது இயல்பு, அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பலர் தம் இனத்தவரை விரும்புகிறார்கள், அவர்களைப் பற்றிச் சற்று உயர்வாகவும் மதிப்பிடுகிறார்கள். ஆனால் சிகிச்சையின் பலனில் சராசரியாக வேறுபாடு மிகக் குறைவு. தாய்மொழியில் நடக்கும் சிகிச்சையும், பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றியமைத்த சிகிச்சையும் தெளிவான பலன் தருகின்றன.

இனவெறியால் பட்ட துன்பத்தைச் சிகிச்சையில் எப்படிப் பேசுவது?

சிகிச்சையாளர் அதைக் கேட்டாலே ஒழியப் பலர் சொல்வதில்லை. 'அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார்', 'நீங்கள் மிகையாக எடுத்துக்கொண்டீர்களோ' என்ற பதில்களை வெளியே போதுமான அளவு கேட்டுவிட்டே அவர்கள் உள்ளே வருகிறார்கள். எண்ணங்களின் பிழையைத் திருத்தும் சிகிச்சை முறையில் பயிற்சி பெற்றவர்களுக்கு இங்கே கூடுதல் கவனம் தேவை. நடந்த உண்மையைச் சிந்தனைப் பிழை என்று திருத்தப் போனால் அந்த உறவு அன்றே முறியும்.

சிறிய அவமதிப்புகள் அன்றாடம் சேர்ந்து உடலையும் மனத்தையும் அரிப்பதற்கு மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் 'நுண்தாக்குதல்' என்ற கருத்தை வகுத்தார். அது துல்லியமாக வரையறுக்கப்படவில்லை என்ற விமர்சனமும் ஆய்வாளரிடையே எழுந்துள்ளது. அளவீட்டைப் பொறுத்தவரை அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. சிகிச்சை அறையிலோ வரையறை அவசரமில்லை. என்ன நடந்தது, அதன்பின் தூக்கம் எப்படி, அந்த இடத்துக்கு மறுபடி போக முடிகிறதா என்று கேட்டால் போதும். 2013இல் வந்த நோயறிதல் கையேட்டில் 16 வினாக்கள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்று இருக்கிறது. உங்கள் துன்பத்தை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்ற வகையில் அது கேட்கிறது. அதை முழுமையாகப் பயன்படுத்துவோர் குறைவாக இருப்பது வருத்தத்துக்குரியது.

இதெல்லாம் ஆய்வுச் சுதந்திரத்தைக் கெடுக்காதா?

கடினமான கேள்விகளைக் கேட்கும் உரிமை காக்கப்பட வேண்டும். தரவு தரமாக இருக்க வேண்டும் என்பது அந்த உரிமைக்கு எதிரானது அன்று. 2020இல் ஒரு முன்னணி உளவியல் இதழில் வந்த கட்டுரை, நாடுகளின் சராசரி நுண்ணறிவு என்ற பட்டியலை நம்பி எழுதப்பட்டிருந்தது. சில நாடுகளுக்கான எண்கள், அந்நாட்டு மக்களைச் சற்றும் பிரதிபலிக்காத சிறு மாதிரிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இது சுட்டிக்காட்டப்பட்டதும் கட்டுரையாசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு மருந்தைப் பற்றிய கட்டுரையில் இப்படிப்பட்ட மாதிரியை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். இனத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் தரம் தாழ்ந்துவிடுகிறது என்பதே என் புகார்.

தொழில்முறைச் சங்கங்கள் மன்னிப்புக் கேட்டனவே, அது போதுமா?

ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் 2016இல் அந்நாட்டின் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2021 ஜனவரியிலும், 1892இல் தொடங்கிய அமெரிக்க உளவியல் சங்கம் அதே ஆண்டு அக்டோபரிலும் கேட்டன. தவறு நடந்தது என்று சங்கத்தின் பெயராலேயே எழுதி வைத்ததால், இனி அதை மாணவர்களுக்கு மறைக்க முடியாது. அந்த அளவில் அது பெரிது. அமெரிக்க உளவியலாளர்களில் இன்றும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வெள்ளையினத்தவர். சேர்க்கை, கல்விக்கடன், பயிற்சிக்கால ஊதியம் ஆகியவை மாறாமல் இந்த எண் மாறாது.

ஓர் ஆய்வாளரோ சிகிச்சையாளரோ நாளைக் காலையில் எங்கே தொடங்கலாம்?

அலமாரியிலிருக்கும் சோதனைக் கையேடுகளில் ஒன்றை எடுத்து, நியமங்கள் யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எந்த மொழியில் திரட்டப்பட்டன என்ற பக்கத்தைத் திறந்து படியுங்கள். உங்கள் முன் அமர்பவர் அந்தக் கூட்டத்தில் இல்லையென்றால், அறிக்கையில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அதை எழுதுங்கள். பின்னிணைப்பில் எழுதினால் பள்ளியும் நீதிமன்றமும் படிப்பதில்லை. ஆய்வாளராக இருந்தால், நீக்கிய தரவுகளின் பட்டியலை எடுத்து, நீக்கப்பட்டவர்கள் யார் என்று இன வாரியாக எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் பணிபுரிபவர், கடந்த ஆண்டில் மனச்சிதைவு என்று முடிவு செய்த கோப்புகளில் மனச்சோர்வுக்கான வினாக்கள் கேட்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். இதற்குத் தனி நிதியும் வேண்டாம், குழுவும் வேண்டாம். ஒரு பிற்பகல் போதும்.